விரதம் பிடித்த நண்டு

நான் கட்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் தெரியாது என்று சொல்லக்கூடாது.

சாவகச்சேரியில் ஒரு துண்டுக் காணிகூட இல்லாத வீட்டில் பிறந்தவன் நான். ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. இருபத்திரண்டு வயதில் சுண்ணாம்புப் பாறையை அலவாங்குக் கடப்பாரையால் இடித்து ஒரு கிணறு வெட்டினேன். உப்புத் தண்ணீர்தான் வரும் என்று ஊரே சொன்ன இடத்தில் நல்ல தண்ணீர் வந்தது. இரண்டு அச்சுப் பெட்டிகளில் சீமெந்துக் கலவையை வார்த்துக் கல் அரியத் தொடங்கினேன். அது கல் விற்கிற வாடி ஆனது. ஒரு வீடு கட்டினேன், சண்டையில் அது போனது. இடம்பெயர்ந்து திரும்பி வந்து பார்த்தபோது கிணறு மட்டும் நின்றது. அந்தக் கிணற்றுத் தண்ணீரை விட்டுச் சீமெந்து குழைத்து, நானே கல் அரிந்து, அதே அத்திவாரத்தில் இன்னொரு வீடு எழுப்பினேன். பெரிய வீதியால் போகிறவர்கள் இரண்டு பக்கமும் பார்க்கிற மதில்களில் பாதி என் வாடிக் கல். பாதி இல்லை என்பவர்கள் வந்து எண்ணிப் பார்க்கலாம். ஒரே மகளைப் படிக்கவைத்துக் கனடாவுக்கு அனுப்பினேன்.

இவை எல்லாவற்றுக்கும் சாட்சி உண்டு. கடைசியாக ஒன்று செய்தேன். அதற்குத்தான் சாட்சி குறைவு. அது ஒரு நண்டு. கடலில் இல்லை. கணினி விளையாட்டுக்குள் இருக்கிறது.

மகளுக்கு அந்த விளையாட்டில் பல வருடப் பழக்கம். உலகத்தின் எந்த மூலையில் இருப்பவர்களும் ஒரே நேரத்தில் உள்ளே வந்து உலாவலாம். மந்திரக்காரர், வாள்காரர், காடு, மலை, கடற்கரை எல்லாம் உண்டு. ஒவ்வொருவரும் ஒரு பிராணியை வளர்க்கவேண்டும். மற்றவர்கள் இறக்கை முளைத்த குதிரை, நெருப்புக் கக்கும் பாம்பு, வெள்ளை ஓநாய் என்று வைத்திருக்கிறார்கள். என் மகள் கடற்கரையில் சட்டைப் பொத்தான் அளவில் கிடந்த ஒரு பாறை நண்டைப் பொறுக்கி எடுத்து வளர்த்தாள். அது சண்டைக்கு உதவாது, சொன்ன பக்கம் போகாது, அதைக் கொண்டு திரிகிறவர்களைப் பார்த்து எல்லோரும் சிரிப்பார்கள் என்று அவளே சொன்னாள்.

"பிறகேன் பிள்ளை உந்த நண்டை வைச்சிருக்கிறாய்?" என்று கேட்டேன்.

"ஒருத்தரும் எடுக்கேல்லை அப்பா. அதுதான்."

என் குணம் அவளிடம் அப்படியே இருக்கிறது. எல்லோரும் வேண்டாம் என்ற இடத்தில்தான் நானும் கிணறு வெட்டினேன்.

மகளுக்கு முப்பத்தெட்டு வயது. இரண்டு பிள்ளைகள் வயிற்றில் நிற்காமல் போயின. மூன்றாவது தங்கியபோது ஆறாம் மாதத்தில் இரத்த அழுத்தம் ஏறி, அவளை ஆஸ்பத்திரிக் கட்டிலில் இடப்பக்கம் சரித்துப் படுக்கவைத்துவிட்டார்கள். பிள்ளை பிறக்கும்வரை எழும்பக்கூடாது. விளையாட்டுப் பார்க்கக்கூடாது, தலையிடி வரும் என்றார்கள். மருமகன் வேலைக்குப் போகவேண்டும். நானும் மனைவியும் விசாவுக்குப் போட்டோம். மனைவிக்குக் கிடைத்தது, எனக்கு இல்லை. இவ்வளவு மதில் கட்டியவனை ஒரு கடிதத்தால் இங்கேயே நிறுத்திவிட்டார்கள்.

மனைவி போய்ச் சேர்ந்த மறுநாள் காலை மகள் தொலைபேசியில் கதைத்தாள். அவர்களுக்கு அது பின்னேரம். குரல் மெலிந்திருந்தது.

"அப்பா, ஒரு உதவி. சிரிக்கக்கூடாது."

"சொல்லு."

"என்ரை நண்டுக்கு நீங்கள் ஒவ்வொருநாளும் தீன் போடவேணும். ஏழு நாள் ஒருத்தரும் போய்ப் பாக்காட்டி அது திரும்பிக் கடலுக்குப் போயிடும். பிறகு வராது."

"புருசனைச் செய்யச் சொல்லன்."

"அவர் செய்யிறன் எண்டுதான் சொல்லுறார். மறந்துபோவார். நீங்கள் மறக்கமாட்டியள்." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "இந்த முறை ஒண்டும் என்னை விட்டுப் போகக்கூடாது அப்பா. நண்டும் போகக்கூடாது."

நான் சிரிக்கவில்லை. அவளுக்கு ஒரு வாளி தண்ணீர்கூடத் தூக்கிக் கொடுக்க முடியாத தூரத்தில் இருந்தேன். செய்வதற்கு எனக்கென்று ஒரு வேலை தந்தாள். ஓம் என்றேன்.

அவள் முன்பு அனுப்பிய தொடுதிரைப் பலகை ஒன்று அலுமாரியில் சும்மா கிடந்தது. நான் பள்ளிக்கூடத்தில் பிடித்த சிலேட்டின் அளவு. சிலேட்டு என்றுதான் அதைச் சொல்வேன். மருமகன் அங்கிருந்தபடியே எதையோ செய்து, அதைத் திறந்தால் நேரே கடற்கரை வருகிறமாதிரி வைத்துத் தந்தார். எழுத்தெல்லாம் இங்கிலிஸ். எனக்கு எழுத்துத் தேவைப்படவில்லை. மீன் படம் மீன், இலைப் படம் இலை. ஒரு மூலையில் சிவப்பு இதயம் ஒன்று. நண்டுக்கு எங்கள்மேல் உள்ள பாசம் எவ்வளவு என்று அது காட்டும். மகளின் இதயம் விளிம்புவரை நிறைந்திருந்தது.

தீன் போடுவது சுலபம். நடத்திக்கொண்டு போவதுதான் கரைச்சல். நாள்தோறும் நண்டைக் கடற்கரை நீளத்துக்கு ஒருமுறை நடத்தவேண்டும், இல்லாவிட்டால் சொல் கேட்க மறந்துவிடும். நான் முன்னே நடப்பேன், அது பக்கவாட்டில் தண்ணீருக்குள் இறங்கும். நான் விசில் படத்தை அமத்துவேன், அது திரும்பி வந்து மறுபக்கம் போய் ஒரு மரத்தில் முட்டும். அந்த வழியால் நெருப்புப் பாம்போடு வந்த ஒருவன் நின்று பார்த்துவிட்டுச் சிரிக்கிற முகம் ஒன்றைக் காற்றில் விட்டான்.

மூன்றாம் நாள் எனக்குப் பிடிபட்டது. லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் இழுவைப் பெட்டியைக் கொளுவிக்கொண்டு பின்னுக்கு எடுப்பதென்றால், பெட்டி வலப்பக்கம் போகவேண்டுமானால் பிடியை மறுபக்கம் திருப்பவேண்டும். நேரே பிடித்தால் மடிந்துபோகும். ஆயிரம் தரம் கல் ஏற்றிப் பின்னுக்கு எடுத்தவன் நான். விளையாட்டில் என் ஆளையும் நண்டைப்போலப் பக்கவாட்டில் திருப்பி நிறுத்தினேன். முன்னே போகாமல், தோள் பக்கமாக ஒவ்வொரு அடியாக நகர்ந்தேன். நண்டு நின்று யோசித்தது. பிறகு என்னோடு சேர்ந்து, கால் கால் மாற்றி, கடற்கரை முழுவதும் வந்தது. முன்னுக்குப் போய் இழுக்கக்கூடாது, பக்கத்தில் நிற்கவேண்டும். இவ்வளவுதான் வித்தை.

இதைச் சொன்னபோது மகளால் நம்ப முடியவில்லை. "எனக்கு உது இவ்வளவு நாளும் தெரியாது" என்றாள்.

"நீ லான்ட்மாஸ்டர் ஓடேல்லை" என்றேன்.

இதுவரைக்கும் பெருமை. இனி என் பிழை.

மனைவி போகும்போது ஒரு கட்டளை இட்டுவிட்டுப் போயிருந்தாள். "இஞ்சாருங்கோ, நான் இல்லை எண்டு வெள்ளிக்கிழமையிலை வீட்டுக்குள்ளை மச்சம் கொண்டுவரக்கூடாது. நல்லூர்த் திருவிழா துவங்கினா முடியுமட்டும் சைவம். பிள்ளைக்காக நேந்திருக்கிறன்." எங்களில் மீனும் இறைச்சியும் மச்சம். கொடியேறினால் மச்சச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிடுவோம், இருபத்தைந்து நாள் திருவிழா முடிந்த பிறகுதான் அது நிமிரும். மீன் கொண்டுவருகிறவர் வாசல் படலைக்கு வெளியிலேயே ஹோன் அடிக்காமல் போய்விடுவார்.

முதல் வெள்ளிக்கிழமை கிணற்றடியில் தோய்ந்து, திருநீறு பூசி, சாமிப்படத்துக்கு விளக்கு வைத்துவிட்டுச் சிலேட்டைத் திறந்தேன். மீன் படத்துக்கு மேலே விரல் போனது. நின்றுவிட்டேன். சிலேட்டு இருப்பது வீட்டுக்குள். விளக்கு எரிகிறது. நேர்த்தி என் மகளின் வயிற்றில் உள்ள பிள்ளைக்கு. இந்த விரலால் மீனைத் தொட்டு அதற்குப் போடுவதா? இலைப் படத்தை அமத்தினேன். நண்டு இலையைக் கிள்ளிப் பார்த்துவிட்டுத் தின்றது. வெள்ளிக்கிழமைகளில் இப்படியே நடந்தது. பிறகு நல்லூரில் கொடியேறியது. இருபத்தைந்து நாளும் நண்டுக்கு இலைதான்.

இப்போது நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். அந்த நேரத்தில் எனக்கு அது சரியாகத்தான் பட்டது. வீட்டில் எல்லோரும் விரதம் பிடித்தால் நண்டு மட்டும் ஏன் பிடிக்கக்கூடாது?

தேர்த் திருவிழாவுக்குள் இதயம் பாதியாகிவிட்டது. நான் கவனிக்காமல் இல்லை. திருவிழா முடியட்டும், இரண்டு நாள் மீன் போட்டால் நிறைந்துவிடும் என்று நினைத்தேன். மகள் ஒவ்வொரு காலையும் கேட்பாள்.

"தின்னுதோ?"

"நல்லாத் தின்னுது" என்பேன். பொய் இல்லை, தின்றதுதான். எதைத் தின்றது என்று அவள் கேட்கவில்லை.

திருவிழா முடிந்த மறுநாள் மீன் போட்டேன். நண்டு தொடவில்லை. பெரிய மீன் போட்டேன். மணலைக் கிண்டிக்கொண்டு இரண்டு பாறைகளுக்கு நடுவே இறங்கிவிட்டது. ஒரு கால் நுனி மட்டும் வெளியே தெரிந்தது. விசில் அடித்தேன், அதுவும் உள்ளே போனது. மூலையில் இருந்த இதயம் சாம்பல் நிறமாகிவிட்டது.

அன்று நான் வாடிக்குப் போகவில்லை. இத்தனை வயதில், இல்லாத ஒரு நண்டுக்காக வேலையை விட்டேன் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். அந்தக் குழிக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத்தான் தெரியும். "இந்த முறை ஒண்டும் என்னை விட்டுப் போகக்கூடாது" என்று அவள் சொன்ன குரல் இருக்கிறது.

மீன் கொண்டுவருகிறவர் அன்றுதான் திரும்ப வரத் தொடங்கினார். குருநகர்க்காரர், கிறிஸ்தவ வேதக்காரர், தலை முழுக்க நரைத்துவிட்டது, ஆனாலும் என்னைவிடப் பத்து வயது இளமை. முப்பது வருடமாக அவரிடம்தான் மீன் வாங்குகிறோம். நான் சட்டியோடு போகாமல் சிலேட்டோடு படலைக்குப் போனேன்.

"தம்பி, நண்டைப் பற்றி உமக்குத் தெரியும்தானே?"

"என்னண்ணை கேள்வி. நடக்கப் பழக முந்தி நண்டு பிடிச்சனான்."

சிலேட்டைக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தார்.

"நான் கொண்டுவாற நண்டை ஓட்டிலை சதை இல்லை எண்டு திருப்பிவிடுவியள். இப்ப கண்ணாடிக்குள்ளை வளக்கிறியளோ?"

விசயத்தைச் சொன்னேன். திருவிழாவைச் சொன்னேன். இலையைச் சொன்னேன். மோட்டச்சைக்கிளில் இருந்த மீன்பெட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து சிரித்தார்.

"நண்டுக்குச் சைவச் சாப்பாடு குடுத்த முதல் ஆள் நீங்கள்தான் அண்ணை. தோத்திரம் சொல்லிக் குடுத்தனியளோ?"

"சிரியாதையும். பிள்ளை ஆஸ்பத்திரியிலை கிடக்கிறாள்."

சிரிப்பு நின்றுவிட்டது. சிலேட்டை வாங்கி, வெயில் படாமல் கையால் மறைத்துக்கொண்டு குழியைக் கூர்ந்து பார்த்தார்.

"இது சாகேல்லை. ஓடு கழட்டப்போகுது. வளருற நண்டுக்குப் பழைய ஓடு அளவு காணாது. அதைக் கழட்டிப்போட்டுப் புது ஓடு இறுகுமட்டும் பொந்துக்குள்ளை கிடக்கும். அந்த நேரம் உடம்பு பஞ்சுமாதிரி. ஒண்டும் தின்னாது. வெளியாலை வந்தா ஆரும் தின்னுபோடுவினம்."

"எத்தனை நாள் கிடக்கும்?"

"அதை நண்டைத்தான் கேக்கவேணும். நீங்கள் கிண்டாமல் இருந்தாக் காணும்."

கிண்டாமல் இருப்பது எனக்குத் தெரிந்த வேலை. அச்சிலிருந்து கழற்றிய கல் பச்சைக் கல். பார்க்கக் கல்லுப்போலத்தான் இருக்கும், விரல் பட்டால் உதிரும். நிழலில் வைத்து, நாள்தோறும் தண்ணீர் தெளித்து, ஆட்டாமல் விடவேண்டும். அவசரப்பட்டுத் தூக்கிய கல் மதிலில் நிற்காது. என் வாடியில் புதிதாக வருகிற எவருக்கும் நான் முதலில் சொல்வது இதுதான். ஆனால் விளையாட்டுச் செய்தவர்களுக்கு ஓடு கழற்றுகிற கதை தெரியுமா, அவர்கள் அதை வைத்திருப்பார்களா என்று மீன்காரருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதைச் சொல்லக்கூடியவள் மகள் ஒருத்திதான். அவளிடம் கேட்பதென்றால் இலைக் கதையையும் சொல்லவேண்டும்.

மறுநாள் காலை மனைவி தொலைபேசியை எடுத்தாள். அவளிடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன்.

"கோதாரி, உந்த விளையாட்டு நண்டுக்கு ஆர் உங்களை விரதம் பிடிக்கச் சொன்னது?"

"நீர்தான் வீட்டுக்குள்ளை மச்சம் வரக்கூடாது எண்டனீர்."

"நான் சட்டியைச் சொன்னனான்."

அவளுக்கு மெதுவாகக் கதைக்கத் தெரியாது. பின்னால் கட்டிலிலிருந்து மகள், "என்னம்மா?" என்று கேட்பது எனக்குக் கேட்டது. தொலைபேசி கை மாறியது. நான் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். வெள்ளிக்கிழமை, கொடியேற்றம், இலை, சாம்பல் இதயம், குழி. சொல்லி முடித்துவிட்டுத் தொலைபேசியைக் காதோடு அழுத்தினேன். அழுகிறாள் என்று நினைத்தேன். வந்தது வேறு ஒரு சத்தம். வாளி கிணற்றுச் சுவரில் முட்டுகிறமாதிரி விட்டு விட்டு வந்தது. சிரித்துக்கொண்டிருந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்காதே என்று தாய் அதட்டினாள்.

"அப்பா, இருபத்தைஞ்சு நாளுமோ?"

"இருபத்தைஞ்சு நாளும்."

சிரிப்பு ஓய்ந்தபிறகு சொன்னாள். "அது குழிக்குள்ளை போறதைப் பற்றி எனக்கும் வடிவாத் தெரியாது அப்பா. இவ்வளவு பெரிசாய் ஒருத்தரும் பாறை நண்டை வளக்கேல்லை. நீங்கள் ஒவ்வொருநாளும் போய் வெளியாலை நில்லுங்கோ. ஆக்கள் நிண்டா ஏழு நாள் கணக்கு ஓடாது. அது காணும்."

அதற்குப் பிறகு நான் செய்தது நிற்பது மட்டும்தான். விடிந்ததும் முகம் கழுவி, தேத்தண்ணி போட்டு, சிலேட்டைச் சுவரில் சாய்த்துவைத்து, என் ஆளைக் கொண்டுபோய் அந்த இரண்டு பாறைகளுக்குப் பக்கத்தில் பக்கவாட்டில் நிறுத்துவேன். நண்டு எட்டிப் பார்த்தால் பழகிய தோள் தெரியட்டும் என்று. இறக்கைக் குதிரைகளும் ஓநாய்களும் பறந்தும் பாய்ந்தும் போகும். நான் நிற்பேன். பக்கத்தில் தொலைபேசி இருக்கும். மகள் அங்கே இடப்பக்கம் படுத்திருப்பாள்.

"வந்திட்டுதோ?"

"இல்லைப் பிள்ளை. கிடக்குது."

"நானும் கிடக்கிறன்."

"கிட. அவசரமில்லை."

சில நாள் அவ்வளவுதான் கதைப்போம். சில நாள் அவள் நித்திரையாகிவிடுவாள், தொலைபேசியை வைக்கமாட்டாள். அவள் மூச்சு எனக்குக் கேட்கும். சின்ன வயதில் காய்ச்சல் வந்தபோது அவள் தலைமாட்டில் நான் இருந்ததில்லை. அப்போது மனைவிதான் இருந்தாள், நான் கல் அரிந்துகொண்டிருந்தேன். கல் அரிந்ததால்தான் மருந்து வந்தது, அதை ஒருவரும் மறுக்க முடியாது. ஆனாலும் அந்த மூச்சை நான் அதற்குமுன் அவ்வளவு நேரம் கேட்டதில்லை.

மீன்காரர் வெள்ளிக்கிழமை தவிர்ந்த நாளெல்லாம் படலையில் நின்று, "என்னண்ணை, சாமியார் தவம் முடிச்சிட்டாரோ?" என்று கேட்டுவிட்டுத்தான் மீன் நிறுப்பார். ஒருநாள் குருநகரில் தன் கோயிலில் மெழுகுதிரி ஏற்றிவிட்டு வந்ததாகச் சொன்னார்.

"நண்டுக்கோ?" என்றேன்.

"விசரோ அண்ணை. பிள்ளைக்கு."

பதினெட்டாம் நாள் காலை குழியில் மணல் சரிந்தது. முதலில் பழைய ஓடு வெறுமையாக வெளியே உருண்டது. பிறகு ஒரு கால். பிறகு நண்டு முழுதாக வந்தது. முன்பு ஒரு தட்டின் அளவு இருந்தது, இப்போது லான்ட்மாஸ்டர் பெட்டியின் அளவு. ஓடு பச்சை. பாறை நண்டு என்றால் சாம்பல் நிறம், அது எல்லோருக்கும் தெரியும். இது மழை பெய்து விட்ட வாழையிலையின் பச்சை. நேரே வந்து, என் ஆளின் தோளுக்குப் பக்கத்தில், பக்கவாட்டில் நின்றது. மூலையில் இதயம் சிவந்தது.

"பிள்ளை" என்றேன்.

"வந்திட்டுதோ அப்பா?"

"வந்திட்டுது."

அவள் தொலைபேசியை வைக்கவில்லை. நானும் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். தேத்தண்ணி ஆறிப்போனது.

அடுத்த மாதம் பேத்தி பிறந்தாள். கொஞ்சம் முந்தித்தான் வந்தாள், எடை குறைவு, சில கிழமை கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். தாயைத் தவிர ஒருவரையும் தொடவிடவில்லை. மனைவி அதைச் சொல்லி அழுதாள். "கிண்டாதையும், வெளியாலை நில்லும், காணும்" என்று நான்தான் சொன்னேன். இப்போது பிள்ளை நன்றாக இருக்கிறாள். படத்தில் பார்த்தால் நெற்றி என்னுடையது.

மகள் வீட்டுக்கு வந்து, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு விளையாட்டுக்குள் போனாள். நண்டு அவளின் ஆளை முதுகில் ஏற்றிக்கொண்டு கடலுக்கு மேலே நடந்ததாம். பச்சை நண்டைப் பார்க்கக் கூட்டம் கூடியதாம். நெருப்புப் பாம்புக்காரனும் வந்தானாம். எப்படி இந்த நிறம் வந்தது, எப்படி இவ்வளவு வளர்ந்தது என்று எல்லோரும் கேட்க, என் மகள் எழுதிய பதிலை மருமகன் எனக்கு வாசித்துக் காட்டினார். "பொறுமையாக வளர்த்தேன்" என்று எழுதியிருக்கிறாள். நண்டின் படத்துக்குக் கீழே வளர்த்தவர் என்று ஒரு வரி உண்டு. அதில் அவள் ஒருத்தியின் பட்டப்பெயர்தான் இருக்கிறது. இங்கே மீன்காரர் சந்தையில் நின்று, கனடாவில் ஒரு நண்டைத் தானே காப்பாற்றியதாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார். அவர் பங்கை நான் மறைக்கவில்லை, மேலே எழுதியிருக்கிறேன்.

மகளே, இதை உனக்கு யாராவது வாசித்துக் காட்டுவார்கள், அல்லது நீயே வாசிப்பாய். நீ பொறுமையாகக் கிடந்தாய், அது உண்மை. அதைவிடப் பெரிய வேலையை ஒருவரும் செய்யவில்லை. ஆனால் அந்த நண்டைக் கடற்கரை நீளத்துக்குத் தோளோடு தோளாக நடத்தியது நான். பதினெட்டு நாள் குழிவாசலில் நின்றது நான். அந்தப் பச்சை நல்லூர்த் திருவிழா இலையின் பச்சை, அதையும் போட்டது நான். ஆகவே அந்த வரியில் உன் பெயருக்குப் பக்கத்தில், முன்னுக்கு வேண்டாம், பக்கத்தில், அப்பா என்று ஒரு சொல் போடு. வெள்ளிக்கிழமை இலை போட்டதையும் சேர்த்து எழுது, எனக்கு வெட்கமில்லை. பேத்தி வாசிக்கப் பழகியதும் முதலில் அதைக் காட்டு.